சுருக்க அட்டவணை: மீன் இறங்குகணக்கும் குழுக்கணக்கும் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர் நீளமுடையது. வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவுமாக இரு கடல்கள் அதைத் தொடுகின்றன. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள ஊர்களில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும், கடற்பாசி எடுக்கும் பெண்களின் சுயஉதவிக் குழுக்களும், கருவாட்டு வியாபாரிகளும் தங்கள் கணக்கைக் கணினியில் பதியத் தொடங்கிவிட்டனர். பதிவுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் "இந்த மாதம் கணவாய் எவ்வளவு வந்தது, அதில் எங்களுக்குக் கிடைத்தது எவ்வளவு" என்று ஓர் உறுப்பினர் கேட்டால், விடை சொல்வதற்கு மீண்டும் கால்குலேட்டரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்புவதற்காக எழுதப்பட்டவை இக்கேள்விகளும் விடைகளும். எடுத்துக்காட்டுகளில் வரும் எடைகளும் விலைகளும் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

சுருக்க அட்டவணை என்பது சரியாக எது?

பதிவேட்டில் தனித்தனி வரிசைகளாகக் கிடக்கும் விவரங்களை, நாம் கேட்கும் கோணத்தில் தொகுத்து, கூட்டியோ எண்ணியோ காட்டும் சிறிய அட்டவணைதான் அது. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகிய மூன்றிலும் இதற்குப் பிவட் டேபிள் என்று பெயர். எக்செல்லில் இது 1993-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆகவே பழைய கணினி வைத்திருப்பவர்களும் தயங்க வேண்டியதில்லை. மூலப் பதிவேட்டில் ஓர் எழுத்தைக்கூட இது மாற்றுவதில்லை. எத்தனை முறை கலைத்து அடுக்கினாலும் பதிவு அப்படியே இருக்கும் என்பதால், துணிந்து பழகலாம்.

பதிவேட்டை எப்படி அமைத்தால் சுருக்க அட்டவணை சரியாக வரும்?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான விடை இதுவே. அட்டவணை தவறாக வருகிறது என்று சொல்லிக் காட்டப்படும் கோப்புகளில் பெரும்பாலும் பிழை அட்டவணையில் இருப்பதில்லை, பதிவேட்டின் அமைப்பில்தான் இருக்கிறது.

ஒரு படகு, ஒரு நாள், ஒரு மீன்வகை என்பது ஒரு வரிசை. அதே படகு அன்று நண்டும் கணவாயும் சங்காயமும் (மலிவான கலப்பு மீன்) கொண்டுவந்தால் அது மூன்று வரிசைகள். நெடுவரிசைகளாகத் தேதி, ஊர், கடல், படகு எண், படகு வகை, மீன்வகை, எடை, அலகு, கிலோ விலை, தொகை ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். கடல் என்ற நெடுவரிசையை வீண் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பாம்பன் போன்ற ஊரில் வடகடல் மீனும் தென்கடல் மீனும் ஒரே ஊரின் பெயரில் இறங்குகின்றன. அதைப் பதியாமல் விட்டால் எந்தக் கடல் எந்தப் பருவத்தில் கொடுத்தது என்பதைப் பின்னால் எந்தக் கணினியாலும் பிரித்துத் தர முடியாது.

தலைப்பு முதல் வரிசையில் மட்டும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தலைப்பு இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் எக்செல் அட்டவணையை உருவாக்க மறுத்துவிடும். கட்டங்களை ஒன்றாக இணைத்து அழகுபடுத்தக் கூடாது. தேதியை முதல் வரிசையில் மட்டும் எழுதிவிட்டு, கீழே உள்ள வரிசைகளை "அதே நாள்" என்ற பொருளில் வெற்றாக விடுவது நோட்டுப்புத்தகத்தில் பல்லாண்டுகளாக வந்த பழக்கம். கணினியோ அந்த வரிசைகளைத் தேதியற்றவையாகவே கொள்ளும். எல்லாவற்றிற்கும் மேலாக, நாள் முடிவில் "இன்றைய மொத்தம்" என்று ஒரு வரிசை எழுதும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அந்த மொத்தமும் ஒரு மீன்வரவாகவே கூட்டப்பட்டு, மாதக்கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

அலகைப் பற்றியும் ஒரு சொல். பாசிக் குழுக்களில் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி ஆகிய கடற்பாசிகள் சில நாள் பச்சையாகவும் சில நாள் காய்ந்தும் எடை போடப்படுகின்றன. இறங்குதளத்தில் சங்காயத்தைப் பெட்டிக்கணக்கிலும் நண்டைக் கிலோக்கணக்கிலும் எழுதுகிறார்கள். இவற்றை ஒரே எடை நெடுவரிசையில் வைத்தால், கணினி பெட்டியையும் கிலோவையும் ஒன்றாகக் கூட்டிவிடும். அது பிழை என்று எங்கும் எச்சரிக்காது. எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றி எழுதுவதே நல்லது. மாற்ற இயலாதபோது அலகு என்ற நெடுவரிசையைக் கட்டாயமாக நிரப்பி, சுருக்க அட்டவணையில் அதையும் ஒரு பிரிவாக வையுங்கள். பச்சை எடையும் காய்ந்த எடையும் மட்டும் எக்காரணத்தாலும் கலக்கக் கூடாது.

எங்கள் கோப்பில் ஒவ்வொரு மீனுக்கும் தனி நெடுவரிசை இருக்கிறது. அனைத்தையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டுமா?

வேண்டாம். தேதியும் படகும் இடப்பக்கம், சூடை, நெத்திலி, காரல், பாறை, நண்டு என்று பெயர்கள் மேலே வரிசையாக, எடை நடுவில் என்ற அமைப்பு கண்ணுக்கு வசதியானது. ஆனால் அது ஏற்கெனவே பாதி சுருக்கப்பட்ட வடிவம். அதிலிருந்து இன்னொரு சுருக்கம் எடுப்பது கடினம். எக்செல் 2016 முதல் டேட்டா பட்டியிலேயே இருக்கும் பவர் குவெரி என்ற வசதிக்குள் அத்தாளைக் கொண்டுசென்று, தேதி, படகு ஆகிய நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, "அன்பிவட் அதர் காலம்ஸ்" என்பதைக் கொடுத்தால், மீன்பெயர் ஒரு நெடுவரிசையாகவும் எடை இன்னொன்றாகவும் கீழ்நோக்கி விரிந்துவிடும். பழைய ஆண்டுக் கோப்புகளை இவ்வாறு மாற்றிக்கொண்டு, புதிய பதிவுகளைத் தொடக்கத்திலிருந்தே ஒரு வரிசைக்கு ஒரு மீன் என்று எழுதுங்கள்.

அட்டவணையை உருவாக்கும் வழி என்ன?

பதிவேட்டுக்குள் ஏதேனும் ஒரு கட்டத்தில் நின்று, முதலில் கன்ட்ரோல் டி (Ctrl+T) அழுத்தி அதை டேபிளாக மாற்றிக்கொள்ளுங்கள். இதன் பயன் பின்னால் ஒரு கேள்வியில் வருகிறது. பிறகு இன்செர்ட் பட்டியில் பிவட் டேபிளைத் தேர்ந்தெடுத்துப் புதிய தாளில் வைக்கச் சொல்லுங்கள். வலப்பக்கம் உங்கள் தலைப்புகளின் பட்டியலும், அதற்குக் கீழே பில்டர்ஸ் (வடிகட்டி), காலம்ஸ் (நெடுவரிசை), ரோஸ் (வரிசை), வேல்யூஸ் (மதிப்பு) என்ற நான்கு பெட்டிகளும் தோன்றும். மீன்வகையை ரோஸ் பெட்டிக்கும், ஊரைக் காலம்ஸ் பெட்டிக்கும், எடையை வேல்யூஸ் பெட்டிக்கும் இழுத்துவிட்டால், எந்த ஊரில் எந்த மீன் எவ்வளவு என்பது கண்முன் நிற்கும். கடலைப் பில்டர்ஸ் பெட்டியில் வைத்தால் வடகடல், தென்கடல் என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கூகுள் ஷீட்ஸிலும் இன்செர்ட் பட்டியில்தான் இது இருக்கிறது. பெட்டிகளின் பெயர்களும் ஏறத்தாழ அவையே.

பெட்டிகளை நிரப்புமுன் கேள்வியை ஒரு வாக்கியமாகத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. "ஊர்வாரியாக, மாதவாரியாக, நண்டின் தொகை" என்று எழுதினால், எந்தச் சொல் எந்தப் பெட்டிக்கு உரியது என்பது அவ்வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். கேள்வியில்லாமல் இழுத்துப் போட்டால் அட்டவணை அகலமாக விரியும், விடை கிடைக்காது.

தொண்டி இரண்டு முறை வருகிறது. எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஏன்?

தமிழில் பதிவோருக்கே உரிய சிக்கல் இது; ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்கு விடை இருக்காது. மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, சொல்லின் முன்னோ பின்னோ கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. டிரிம் என்ற சார்பு அதை நீக்கிவிடும். இரண்டாவது, எழுத்து வழக்கு. ராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேசுவரம் என்று மூவர் மூன்று விதமாக எழுதினால் கணினிக்கு அவை மூன்று ஊர்கள். தேவிபட்டினமும் தேவிபட்டணமும் அவ்வாறே. எது சரியான வடிவம் என்ற விவாதத்தை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம்; பதிவேட்டுக்கு ஒரே வடிவம் போதும்.

மூன்றாவது காரணம்தான் பலரைத் திகைக்க வைப்பது. யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்ய முடியும். "தொ" என்பதில் உள்ள குறி ஒரே குறியீடாகவும் வரலாம்; முன்னால் ஒற்றைக் கொம்பும் பின்னால் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் வரலாம். திரையில் இரண்டும் வேறுபாடின்றித் தெரியும். ஆனால் கோப்பில் அவை வெவ்வேறு, ஆகவே இரு வேறு சொற்களாகக் கொள்ளப்படக்கூடும். கண்டுபிடிக்க எளிய வழி, குறியீடுகளை எண்ணும் லென் என்ற சார்பு: ஒற்றைக் குறியீட்டில் எழுதிய "தொண்டி"க்கு 6 என்றும், பிரிந்த குறியீட்டில் எழுதியதற்கு 7 என்றும் காட்டும். இருவர் இருவேறு விசைப்பலகைகளில் பதியும் சங்கங்களில் இது நேர்வதற்கு வாய்ப்பு அதிகம். இதைப் போலவே, துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரத்தை அடிப்பதும், ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைச் சேர்ப்பதும் கண்ணை ஏமாற்றும் பிழைகள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பதிந்த கோப்புகளையோ முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் புதியவற்றுடன் சேர்க்கவே கூடாது.

நிலையான தீர்வு, தட்டச்சு செய்யும் தேவையையே நீக்குவதாகும். ஊர்களின் பட்டியலையும் மீன்வகைகளின் பட்டியலையும் தனித்தாளில் ஒருமுறை சரியாக எழுதி, டேட்டா வேலிடேஷன் வசதியின் மூலம் கீழிறங்கு பட்டியலாக அமைத்துவிட்டால், பதிபவர் தேர்ந்தெடுத்தாலே போதும். ஒரு மீனுக்கு வடகடல் ஊரில் ஒரு பெயரும் தென்கடல் ஊரில் வேறு பெயரும் வழங்குமானால், உள்ளூர்ப் பெயருக்கும் பொதுப் பெயருக்கும் இரு நெடுவரிசைகள் வையுங்கள். ஊர்ப்பெயரை அழித்துவிட்டுப் பொதுப் பெயரை மட்டும் வைக்கும் பதிவேட்டை, அந்த மீனைப் பிடித்தவரே தம்முடையது என்று அடையாளம் காணமாட்டார்.

எடையைக் கூட்டாமல் எண்ணிக்கையைக் காட்டுகிறது. என்ன செய்வது?

எடை நெடுவரிசையில் எங்கோ ஓர் எழுத்து கலந்திருக்கிறது. "25 கி" என்று யாராவது பதிந்திருப்பார்கள். அதைக் கண்டதும் நிரல் சம் என்பதை விட்டுக் கவுன்ட் என்பதை எடுத்துக்கொள்கிறது. வேல்யூ பீல்டு செட்டிங்ஸில் சம் என்று மாற்றினால் தோற்றம் சரியாகிவிடும். ஆனால் எழுத்து கலந்த அந்த வரிசைகளின் எடை கூட்டலில் சேராமலே போகும். ஆகவே பதிவேட்டைத் திருத்திய பிறகே மாற்றுங்கள்.

தேதிகள் மாதவாரியாகப் பிரிய மறுக்கின்றன. காரணம் என்ன?

நாம் 12.05.2024 என்று புள்ளியிட்டு எழுதிப் பழகியவர்கள். பெரும்பாலான கணினி அமைப்புகளில் அது தேதியாகக் கொள்ளப்படாமல் எழுத்தாகவே தங்கிவிடுகிறது. தேதியாக ஏற்கப்பட்டது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாகத் தங்கியது இடப்பக்கம் ஒட்டும். இதைவிட ஆபத்தானது, கணினி அமெரிக்க முறையில் அமைந்திருக்கும் நிலை. அப்போது 5/6/2024 என்று நீங்கள் ஜூன் ஐந்தைப் பதிந்தால் அது மே ஆறாகிவிடும். 13/6/2024 எழுத்தாக நின்றுவிடும். பாதித் தேதிகள் தவறான மாதத்திலும் மீதி எந்த மாதத்திலும் இல்லாமலும் போன கோப்பைச் சீர்செய்வது மிகுந்த பாடு. கணினியின் வட்டார அமைப்பை இந்தியா என்று வைத்து, தேதியைச் சாய்கோட்டோடோ சிறுகோட்டோடோ பதியுங்கள். எல்லாம் உண்மையான தேதிகளானபின், அட்டவணையில் ஒரு தேதியின்மேல் வலச்சொடுக்கி, குரூப் என்பதில் மாதம், ஆண்டு இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதம் மட்டும் கொடுத்தால் சென்ற ஆண்டு ஜூலையும் இந்த ஆண்டு ஜூலையும் ஒன்றாகக் கூடிவிடும்.

சராசரி விலை, உறுப்பினர்களுக்குக் கிடைத்த விலையோடு ஒத்துவருவதில்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் கணக்கை அக்கறையோடு பார்ப்பவர். ஒரு நாள் 10 கிலோ கணவாய் கிலோ 400 ரூபாய்க்கும், மறுநாள் 90 கிலோ கிலோ 300 ரூபாய்க்கும் ஏலம் போனதாகக் கொள்வோம். விலை நெடுவரிசையை வேல்யூஸ் பெட்டியில் வைத்து ஆவரேஜ் என்று கேட்டால் 350 என்று விடை வரும். உண்மையில் கைக்கு வந்தது 4,000 ரூபாயும் 27,000 ரூபாயும் சேர்ந்து 31,000. அதை 100 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 310 ரூபாய்தான். வரவு குறைந்த நாளில் விலை ஏறுவதும் மிகுந்த நாளில் இறங்குவதும் ஏலத்தின் இயல்பு என்பதால், எளிய சராசரி பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த பருவத்திற்கு வியாபாரியிடம் விலை பேசினாலோ, கடனுக்கு வருமானம் மதிப்பிட்டாலோ, நட்டம் மீனவக் குடும்பத்திற்கே.

சரியான வழி, கால்குலேட்டட் பீல்டு என்ற வசதியில் தொகையை எடையால் வகுக்கும் சூத்திரத்தை எழுதுவது. அவ்வசதி முதலில் தொகைகளையெல்லாம் கூட்டி, எடைகளையெல்லாம் கூட்டி, அதன் பிறகே வகுக்கும்; ஆகவே 310 சரியாக வரும். ஆனால் அதே காரணத்தால், தொகையைக் கணக்கிட அங்கே எடையை விலையால் பெருக்கும் சூத்திரத்தை எழுதிவிடாதீர்கள். எடைகளின் கூட்டல் 100, விலைகளின் கூட்டல் 700, இரண்டையும் பெருக்கி 70,000 என்று காட்டிவிடும். பெருக்கல் எப்போதும் பதிவேட்டில், வரிசைக்கு வரிசை நடக்க வேண்டும்.

டீசல் செலவு மும்மடங்காகக் காட்டுகிறது. எப்படி?

ஒரு பயணத்தின் செலவை, அதன் மூன்று மீன்வரிசைகளிலும் எழுதியிருப்பீர்கள். 3,000 ரூபாய் டீசல் 9,000 ஆகிவிடும். டீசல், ஐஸ், பேட்டா ஆகியவை பயணத்திற்கு உரியவை, மீனுக்கு உரியவை அல்ல. அவற்றைத் தனித்தாளில், ஒரு பயணத்திற்கு ஒரு செலவுக்கு ஒரு வரிசையாக எழுதி, அதற்கென்று ஒரு சுருக்க அட்டவணை எடுங்கள். வரவு அட்டவணையையும் செலவு அட்டவணையையும் படகு எண் வாரியாக அருகருகே வைத்துக் கழித்துக்கொண்டால், பங்கு பிரிப்பதற்குரிய தொகை ஐயமின்றி நிற்கும்.

மே மாதம் அட்டவணையிலேயே இல்லை. பதிவு தொலைந்துவிட்டதா?

விசைப்படகுக் கணக்கு என்றால், இல்லாமல் இருப்பதே சரி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். பதிவே இல்லாத மாதத்தைச் சுருக்க அட்டவணை காட்டாது. பூச்சியம் என்றும் எழுதாது. பீல்டு செட்டிங்ஸில் "ஷோ ஐட்டம்ஸ் வித் நோ டேட்டா" என்பதைத் தேர்ந்தெடுத்தால் அம்மாதம் வெற்றுக் கட்டமாக நிற்கும். ஆண்டறிக்கையில் அவ்வாறு காட்டுவதே நேர்மையானது. படிப்பவர் இடைவெளியைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். நாட்டுப்படகுகளுக்கு இத்தடை இல்லாததால், படகு வகையைப் பிரிக்காமல் எடுத்த அட்டவணையில் மே மாதம் இருக்கும், ஆனால் அது நாட்டுப்படகின் மே மட்டுமே. அதை விசைப்படகும் சேர்ந்த ஜூலையோடு ஒப்பிட்டு "வரவு பெருகியது" என்று எழுதுவது பொருந்தாது. பல ஆண்டுகளின் பதிவு வைத்திருக்கும் சங்கங்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: 2017-க்கு முன் தடைக்காலம் 45 நாள்களே, மே 29-உடன் முடிந்தது. ஆகவே 2016 ஜூன் ஏறத்தாழ முழு மாத மீன்பிடிப்பு, 2018 ஜூன் அரை மாதம். ஆண்டுச் சராசரிக்குப் பன்னிரண்டால் வகுப்பதும் இதனால் பிழையாகிறது. ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் கடலுக்குச் செல்வது வழக்கம் என்பதால், காற்றோ வேலைநிறுத்தமோ குறுக்கிடாவிட்டாலும் ஒரு மாதத்தில் 12 நாள்களும் இன்னொரு மாதத்தில் 14 நாள்களும் தொழில் நடக்கலாம். கடலுக்குப் போன நாள்களால் வகுத்த எண்ணே மாதங்களை ஒப்பிடத் தகுந்தது.

கடலுக்குப் போன நாள்களையும், தொழில் செய்த படகுகளையும் எண்ணுவது எப்படி?

வெறும் கவுன்ட் வரிசைகளைத்தான் எண்ணும். மூன்று வகை மீன் கொண்டுவந்த ஒரு படகை மூன்று என்று சொல்லும். எக்செல் 2013 முதல், அட்டவணை உருவாக்கும்போதே "ஆட் திஸ் டேட்டா டு த டேட்டா மாடல்" என்ற பெட்டியில் குறியிட்டால், டிஸ்டிங்ட் கவுன்ட் என்ற தேர்வு கிடைக்கும். கூகுள் ஷீட்ஸில் கவுன்ட்யூனிக் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு குறிப்பு: டேட்டா மாடலில் சேர்த்த அட்டவணையில் மேலே சொன்ன கால்குலேட்டட் பீல்டு இயங்காது, ஆகவே விலைக்கு ஒன்று, நாள்களுக்கு ஒன்று என இரண்டு அட்டவணைகள் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பதிந்தவை அட்டவணையில் சேரவில்லையே?

எக்செல்லின் பெரும்பாலான பதிப்புகளில் அட்டவணை தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ஆல்ட் எப்5 அழுத்த வேண்டும், அல்லது கோப்பைத் திறக்கும்போதே புதுப்பிக்கும்படி பிவட் டேபிள் ஆப்ஷன்ஸில் அமைக்கலாம். அதன் பிறகும் சேராவிட்டால், தொடக்கத்தில் கன்ட்ரோல் டி அழுத்தாமல் விட்டிருப்பீர்கள். அட்டவணை பழைய எல்லையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறது. கூகுள் ஷீட்ஸ் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் அங்கும் எல்லைக்கு வெளியே பதிந்தவை சேரா.

ஓர் எண்ணில் ஐயம் வந்தால் எப்படிச் சரிபார்ப்பது?

அந்த எண்ணின்மேல் இருமுறை சொடுக்குங்கள். அதை உருவாக்கிய வரிசைகள் அனைத்தும் ஒரு புதிய தாளில் வந்து நிற்கும். சங்கக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் "என் படகின் நண்டுக்கணக்கு குறைகிறது" என்று எழுந்து நின்றால், அவர் முன்னிலையிலேயே இதைச் செய்து காட்டலாம். எந்த நாள், எத்தனை கிலோ, என்ன விலை என்பதை அவரே தம் துண்டுச்சீட்டுகளோடு ஒப்பிட்டுக்கொள்வார். இத்தனை சிரமப்பட்டு வரிசை வரிசையாகப் பதிவதன் முழுப் பயனும் இந்த ஒரு வசதியில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். செயலாளர் சொல்வதை நம்புங்கள் என்று கேட்க வேண்டிய தேவை அங்கே இல்லாமற் போகிறது.

சுருக்க அட்டவணையை மட்டும் வியாபாரிக்கோ வங்கிக்கோ அனுப்பலாமா?

அந்தக் கோப்பை அப்படியே அனுப்பாதீர்கள். பதிவேட்டுத் தாளை அழித்துவிட்டு அட்டவணைத் தாளை மட்டும் விட்டாலும், அட்டவணை தனக்குள் பதிவின் முழு நகலையும் வைத்திருக்கும். பெறுபவர் மொத்தத்தின்மேல் இருமுறை சொடுக்கினால், ஒவ்வொரு உறுப்பினரின் வரவும் கடனும் அவர் திரையில் விரிந்துவிடும். ஒரு வியாபாரி மற்றொருவர் கொடுத்த விலையை இப்படி அறிந்துகொள்வதும், குழுவில் யார் தவணை தவறினார் என்பது வெளியே போவதும் எளிதில் நடக்கக்கூடியவை. அட்டவணையை நகலெடுத்து, வேறொரு புதிய கோப்பில் பேஸ்ட் வேல்யூஸ் முறையில் ஒட்டி, அந்தக் கோப்பை அனுப்புங்கள். அல்லது அச்சிட்டுக் கொடுங்கள்.